உபால்தோ செபேதா போட்ட பூஜ்யம்

உபால்தோ செபேதாவைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லுன்னு கேட்டா, சட்டை எப்பவும் இஸ்திரி போட்டிருக்கும்னு சொல்வேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதீங்க.

என் பேர் கசில்தா மிரெலெஸ். ராமோஸ் அரிஸ்பேங்கிற ஊர்ல இருக்கிற கார் ஃபேக்டரில பதினாலு வருஷமா ரோபோ மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். எங்க வெல்டிங் லைன்ல எண்பத்தாறு ரோபோ நிக்குது. அதுல ஒண்ணு முரண்டு பிடிச்சாலும் முதல்ல ஓடுறது நானும் குக்கோவும்தான். குக்கோவோட முழுப்பேர் ரெஃபூகியோ அலெமான். அந்தப் பேர்ல அவரைக் கூப்பிடுறது அவரோட சம்பளச் சீட்டு மட்டும்தான். என் பையனுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். அதனால அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. அந்த உறவு ஒருதடவை வந்துட்டா அப்புறம் நீ, வா, போ எதுவும் கிடையாது. மூக்கு முட்டச் சண்டை போட்டாலும் "நீங்க"தான்.

உபால்தோ கதைக்கு வர்றேன். பக்கத்து ஊர் சால்தியோல பொறந்தவன். அப்பா நோட்டரி ஆபீஸ்ல முத்திரை குத்துறவர். பையனும் பள்ளிக்கூடத்துல ஒருநாள் கூட லீவு போடாம பரிசு வாங்கினான். பரிசு கிடைச்சது அது ஒண்ணுக்குத்தான். காலேஜ்ல என் அண்ணன் ராமிரோவும் அவனும் ஒரே வகுப்பு. கடைசி வருஷம் ராமிரோ எழுதின ப்ராஜெக்டை அப்படியே வாங்கி, தலைப்போட நிறத்தை மட்டும் நீலத்துலேர்ந்து பச்சையா மாத்திக் கொடுத்தான் இந்த மகான். ராமிரோவை விட ரெண்டு மார்க் கூட வாங்கினான். அண்ணன் இன்னிக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காறித் துப்புவான்.

மாமா ஒருத்தர் சிபாரிசுல எங்க ஃபேக்டரிக்குள்ள வந்தான். லைன்ல நிறுத்தினா யாருக்காவது கை போயிடும்னு பயந்து, கம்ப்யூட்டர் முன்னாடி ஒரு நாற்காலியைக் காட்டினாங்க. வெள்ளிக்கிழமை தோறும் எண்பத்தாறு ரோபோவோட ஃபைல் எல்லாத்தையும் பேக்கப் எடுக்கணும். போன வெள்ளி எடுத்த பேக்கப்போட ஒப்பிட்டு, நடுவுல என்னென்ன மாறியிருக்குன்னு தாள்ல போடணும். இதுதான் அவன் வேலை.

வேலையைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரொம்ப அவசியமான வேலை. அவசரத்துல யாராவது ரோபோ கையை ரெண்டு மில்லிமீட்டர் நகர்த்திட்டு மறந்துட்டா, அடுத்த வாரம் கதவு மூடாத கார் வரிசையா வரும். எப்ப, எது மாறிச்சுன்னு பார்க்க இந்தப் பேக்கப் ஒண்ணுதான் வழி. அது புத்தி இருக்கிறவன் கைக்குப் போயிருக்கணும், இந்த இஸ்திரிச் சட்டை கைக்குப் போயிடுச்சு.

மாற்றங்களைப் போட அஞ்சு பெட்டி வெச்சிருந்தான். முதல் பெட்டி, ரோபோ கை போய் நிக்கிற இடம் மாறினது. ரெண்டாவது வேகம், மூணாவது கட்டளை வரிசை. நாலாவது, நாங்க ஃபைலுக்குள்ள எழுதி வைக்கிற குறிப்பு. அஞ்சாவது, தேதி, வெல்டு எண்ணிக்கை மாதிரி யாரும் தொடாமலே தானா மாறுறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறம். என்ன மாறிச்சுன்னு பார்க்க அஞ்சு நிமிஷம், எந்த ரோஸ் கலர் போடலாம்னு யோசிக்க அரை நாள். ஒருதடவை இருபத்தேழாம் நம்பர் ரோபோவுக்கு நேர் எதிர்ல நின்னுக்கிட்டு, "இருபத்தேழு எந்தப் பக்கம்?"னு என்னைக் கேட்டான். முட்டிக்கப் போற தூரத்துல நின்னுக்கிட்டுக் கேக்குறான்! நான் அவனைக் கழிப்பறைப் பக்கம் அனுப்பி வெச்சேன்.

அவனுக்குப் பிடிக்காதது அந்த நாலாவது பெட்டி. காரணம் குக்கோ. அவர் எதைத் தொட்டாலும் ஃபைல்ல ஒரு வரி எழுதி வெச்சுடுவார். "குக்கோ. 3 மி.மீ. மேல. கதவுத் தகடு வளைஞ்சு வருது, என்னைத் திட்டாதீங்க." இப்படி.

"அலெமான், இதெல்லாம் குப்பை. இதை ரோபோ படிக்காது. என் தாள்தான் அசிங்கமாகுது"னு உபால்தோ ஒருநாள் வந்து குதிச்சான்.

"ரோபோ படிக்காது, இஞ்சினியரே. அடுத்து வர்ற மனுஷன் படிப்பான்"னார் குக்கோ.

"எந்த மனுஷன்?"

"அதான் எனக்கும் தெரியல. இதுவரைக்கும் ஒருத்தரையும் காணோம்"னுட்டுத் திரும்பிப் போயிட்டார். நான் ஸ்பேனரைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சேன். உபால்தோ மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே!

அந்தத் தாள்ல மெயின்டனன்ஸ் சார்பா ரெண்டாவது கையெழுத்து ஒண்ணு வேணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தாளைத் தூக்கிட்டு லாக்கர் பக்கம் வருவான். நான் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நிப்பேன். "திரும்பு"ம்பேன். திரும்புவான். அவன் முதுகுலயே தாளை வெச்சுக் கிறுக்கிட்டுக் கிளம்பிடுவேன். வெள்ளிக்கிழமைன்னா ராமிரோ வீட்டுல கறி சுடுறது எங்க குடும்பத்து வழக்கம். கரி கனிஞ்சுக்கிட்டிருக்கும், நான் போய்தான் வெங்காயம் நறுக்கணும். தாள்ல என்ன இருக்குன்னு யார் பார்த்தா?

போன மார்ச்ல, ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் எவெரார்தோ சியேர் எல்லாரையும் கூட்டி வெச்சுப் பேசினார். "அடுத்த திங்கட்கிழமை தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆடிட் வருது. இந்த வாரம் ரோபோவுல மாற்றம் பூஜ்யமா இருக்கணும்"னார். அவர் சொன்னது, தேவையில்லாம யாரும் நோண்டாதீங்கன்னு. எல்லாரும் தலையை ஆட்டிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். தகடு வளைஞ்சு வந்தா ரோபோவைத் தொட்டுத்தானே ஆகணும்? அந்த வாரமும் அங்கங்க தொட்டோம். மேனேஜர் வாயிலேர்ந்து வந்ததை வேதவாக்கா எடுத்துக்கிட்டவன் ஒருத்தன்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, ஆடிட்டுக்குக் கழுவித் துடைக்கணும்னு மத்தியானமே லைனை நிறுத்திட்டாங்க. லைன் கடைசில இருக்கிற கன்னி மாதா பீடத்துக்குக் கூடப் புதுப் பூ வந்துச்சு. நானும் குக்கோவும் இருபத்தேழாம் ரோபோ கிட்டத் தகட்டைப் பிடிச்சுக்கிற கிளாம்ப் தேய்ஞ்சுபோனதைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டினோம். புதுசு கொஞ்சம் தடிமன். அதனால ரோபோ கை நிக்கிற இடத்தை ஆறு மில்லிமீட்டர் தள்ளி வெச்சார் குக்கோ. தகடு வைக்காம மூணுதடவை மெதுவா ஓட்டிப் பார்த்தார். நான்தான் டார்ச் பிடிச்சேன். இடிக்கல. வேலைப் பதிவேட்டுல குறிச்சுட்டு, வழக்கம்போல ஃபைல்லயும் ஒரு வரி எழுதினார்: "குக்கோ. புதுக் கிளாம்ப். 6 மி.மீ. இடது. மாத்திடாதீங்க, இடிக்கும்."

"இந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கோங்க கொமாத்ரே"ன்னார். என் சாவிக்கொத்துல தொங்குற பென் டிரைவ்ல எடுத்துக்கிட்டேன். சொந்தப் பென் டிரைவை உள்ள கொண்டு வந்தாலே வேலை போயிடும்னு கேட்ல எழுதி ஒட்டியிருக்கு. நாங்க அதைத் தாண்டித்தான் தினமும் உள்ள போவோம்.

அப்புறம் குக்கோ ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டார். அவர் சம்சாரம் நியெவெஸுக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சு. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். குக்கோ வேலைல இருக்கிற வரைக்கும் சமூகக் காப்பீடு பார்த்துக்கும். வேலை போனா இன்னும் எட்டு வாரம் பார்க்கும், அதோட சரி.

நாலு மணிக்கு உபால்தோ வந்தான். மூஞ்சில அப்படி ஒரு பிரகாசம். நான் "திரும்பு"ன்னேன். திரும்பினான். கிறுக்கினேன். கரி கனிஞ்சிருக்குமேன்னு ஓடினேன்.

திங்கட்கிழமை காலைல ஆறு மணிக்கு முதல் கார் உடம்பு வந்துச்சு. இருபத்தேழு கையை நீட்டின வேகத்துல புதுக் கிளாம்ப் மேல போய்ப் படார்னு இடிச்சுது. வெல்டிங் முனை வளைஞ்சு தொங்குது, கிளாம்ப் ரெண்டா உடைஞ்சு கிடக்குது. குக்கோ பேயறைஞ்ச மாதிரி நின்னார். "நான் தள்ளி வெச்சேனே, கொமாத்ரே. நீங்க பார்த்தீங்களே"ங்கிறார். கொஞ்ச நேரத்துல இன்னும் பன்னெண்டு ரோபோ இடம் மாறி வெல்டு வைக்க ஆரம்பிச்சுது. அஞ்சு மணி நேரம் லைன் நின்னுச்சு. ஆடிட்டருங்க காபியைக் குடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தாங்க.

பத்து மணிக்கு எங்க ரெண்டு பேரையும் உபால்தோவையும் மேனேஜர் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். ரோபோவுக்குள்ள பார்த்தா கை பழைய இடத்துலயே இருக்கு, குறிப்பு வரியும் இல்ல.

"கிளாம்ப் மாத்தினதும் இடத்தைச் சரி பண்ணிட்டேன்னு பதிவேட்டுல எழுதியிருக்கீங்க, அலெமான். பண்ணவே இல்லையே?"

"பண்ணினேன், இஞ்சினியர்."

உபால்தோ கையில இருந்த தாளை வாங்கி மேஜை மேல வெச்சார் மேனேஜர். அஞ்சு பெட்டியிலயும் பூஜ்யம். அதுலயும் பச்சைக் கலர் அடிச்சு வெச்சிருக்கான்! "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்த பேக்கப்ல ஒரு மாற்றமும் இல்ல. நீங்க தொடல, தொட்டதாப் பொய் எழுதியிருக்கீங்க. அந்த நேரம் ஒரு ஆளோட தலை அங்க இருந்திருந்தா?"

"அவர் தள்ளி வெச்சார் சார், நான் டார்ச் பிடிச்சேன்"னு நான் பாய்ஞ்சேன்.

மேனேஜர் தாளை என் பக்கம் திருப்பினார். "இது யார் கையெழுத்து, மிரெலெஸ்?"

என்னோடதுதான். மத்தியானம் ரெண்டு கண்ணாலயும் பார்த்ததை, சாயங்காலம் நடக்கவே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். "ரெண்டுல எது பொய்னு முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னார் மேனேஜர். குக்கோ என்னைப் பார்த்தார். அடையாள அட்டையைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போனார். புதன்கிழமை முடிவு சொல்றதா உத்தரவு.

நான் நேரா உபால்தோ மேஜைக்குப் போனேன். கள்ளுல புளிக்க வெச்ச புல்கே ரொட்டியைக் காபியில தொட்டுத் தின்னுக்கிட்டிருந்தான்.

"எப்படிடா வந்துச்சு பூஜ்யம்?"

"மேனேஜர் கேட்டாரே"ன்னான்.

"கேட்டா வந்துடுமா?"

"முதல் நாலு பெட்டில மட்டும் நாப்பத்தோரு மாற்றம் வந்துச்சு. ஆடிட்டுக்கு அசிங்கம் இல்லையா? அதனால அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பேக்கப்பையே எண்பத்தாறு ரோபோவுக்கும் திருப்பி ஏத்திட்டேன். மறுபடி ஒப்பிட்டேன். சுத்தமா பூஜ்யம்"னான். சொல்லும்போது அந்த மூஞ்சில பெருமை வேற! தாள் அழகா இருக்கணும்னு, நாங்க ஒரு வாரம் பண்ணின வேலை மொத்தத்தையும் ரோபோவுக்குள்ளேர்ந்து அழிச்சிருக்கான். இது பெத்த தாய் கூடப் பொறுத்துக்க முடியாத முட்டாள்தனம். தான் பண்ணினதைச் சொல்லி முடிச்சப்புறம்தான் அவனுக்கே உறைச்சுது. கடிச்ச ரொட்டியைத் தட்டுலயே வெச்சான்.

"குக்கோ வேலை போகுது. நியெவெஸ் செத்துப்போவா. போய்ச் சொல்லு"ன்னேன்.

"சொன்னா என் கதி என்ன, கசில்தா? கீழ உன் கையெழுத்தும்தான் இருக்கு. உனக்கும் பையன் இருக்கான், யோசி. ரொட்டி சாப்பிடறியா?"

ரொட்டியாம்! அந்தத் தட்டை எடுத்து அவன் இஸ்திரிச் சட்டை மேலயே கவுத்தேன். புதன்கிழமை வரைக்கும் டைம்னு சொல்லிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை வயித்து வலின்னு லீவு போட்டான். சாயங்காலம் பஸ்லேர்ந்து பார்க்குறேன், ஆட்டுக்குட்டிக் கறிக் கடைல முழுத் தொடையை வெச்சு இழுத்துக்கிட்டிருக்கான். அந்த வயித்துக்குத்தான் வலியாம். ஆம்பளையாம் இவன், இஞ்சினியராம். த்தூ.

எனக்குத்தான் ரெண்டு நாளும் சாப்பாடு இறங்கல. பென் டிரைவைக் காட்டினா நானே என் தலைல மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி. காட்டாட்டி குக்கோ போயிடுவார். புதன்கிழமை காலைல சாவிக்கொத்தோட மேனேஜர் ரூமுக்குள்ள நுழைஞ்சேன். உபால்தோ ஏற்கெனவே அங்க உட்கார்ந்திருந்தான், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு.

"சார், இந்தத் தாள்ல அஞ்சாவது பெட்டியைப் பாருங்க. ரோபோ ஒரு வெல்டு போட்டா எண்ணிக்கை ஒண்ணு ஏறும். இதுலயும் பூஜ்யம். போன வாரம் எத்தனை கார் வெளிய போச்சு?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"இந்தத் தாள்படி ரோபோ ஒரு வெல்டு கூடப் போடல. அப்ப அத்தனை காரையும் ஒட்டினது யாரு, பீடத்துல இருக்கிற கன்னி மாதாவா?"

மேனேஜர் தாளை எடுத்து மூக்குக்கு நேரா பிடிச்சுப் பார்த்தார். அவரும் அதைப் படிக்கிறது அதுதான் முதல் தடவைன்னு முகத்துலயே தெரிஞ்சுது. நான் பென் டிரைவைச் சொருகி, வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுத்த காப்பியை உபால்தோவோட ப்ரோக்ராமிலேயே ஓடவிட்டேன். இருபத்தேழாம் ரோபோ, முதல் பெட்டி: ஒரு இடம், ஆறு மில்லிமீட்டர் இடது. நாலாவது பெட்டி: "மாத்திடாதீங்க, இடிக்கும்."

"இது எப்படி பழைய இடத்துக்குப் போச்சு, செபேதா?"ன்னு கேட்டார் மேனேஜர்.

உபால்தோ தாளை எட்டிப் பார்த்தான். "அது... அஞ்சாவது பெட்டில போட வேண்டியது, சார். தானா மாறியிருக்கலாம்"னான். அந்த இடத்துலயும் பெட்டி தேடுறான், பாருங்க.

பழைய பேக்கப்பை ஏத்தினது யார் மேஜைலேர்ந்துன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. குக்கோவுக்கு மறுநாளே வேலைக்கு வரச் சொல்லி உத்தரவு. எனக்கு, பென் டிரைவ் கொண்டு வந்ததுக்கும் படிக்காம கையெழுத்துப் போட்டதுக்கும் சேர்த்து எட்டு நாள் சஸ்பென்ஷன். உபால்தோவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். மூணு மாசம் கழிச்சு தெற்குப் பக்கம் வேற ஃபேக்டரில மாற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கே தலைவரா போயிட்டான். அனுபவசாலியாம்! அங்க இருக்கிற ரோபோவுங்களுக்காக மெழுகுவத்தி ஏத்தினேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் குக்கோ வீட்டுக்கு ஓடினேன். கையில ஒரு பை நிறைய ரொட்டி. கட்டிப் பிடிச்சுப்பார்னு நினைச்சேன், பொய் எதுக்குச் சொல்லணும். நியெவெஸ் அப்பதான் டயாலிசிஸ் முடிஞ்சு வந்து உள்ள படுத்திருந்தா. குக்கோ கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நான் சொன்னது முழுக்கக் கேட்டார்.

"எத்தனை வெள்ளிக்கிழமை படிக்காம கையெழுத்துப் போட்டீங்க?"

உபால்தோன்னா ஒரு சப்பைக்கட்டு கட்டியிருப்பான். நான் கட்டல. "எல்லா வெள்ளிக்கிழமையும்"னேன்.

"நான் எழுதி வெச்ச வரி ஒண்ணையும் நீங்க படிச்சதில்ல."

"இல்ல."

"டார்ச் பிடிச்சது நீங்கதானே"ன்னார். கேட் கொண்டியைப் போட்டார். "வந்து சொன்னதுக்கு நன்றி, டெக்னீஷியன் மிரெலெஸ்"னுட்டு உள்ள போயிட்டார். கொமாத்ரேன்னு சொல்லல. அந்த உறவு வந்த பதினோரு வருஷத்துல அன்னிக்குத்தான் முதல் தடவை. ரொட்டிப் பையைக் கேட்லயே மாட்டிட்டு வந்தேன்.

வாய் கிழிய உபால்தோவைத் திட்டுறேனே, அவன் போட்ட பூஜ்யத்துக்குக் கீழ இருக்கிறது என் பேர்தான். அவனாவது அந்தத் தாளைப் பார்த்துக் கலர் அடிச்சான். நான் பார்க்கக் கூட இல்ல. எனக்கு என்ன பேர் வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.

உபால்தோ போனதும் அவன் வேலையை என் தலைல கட்டிட்டாங்க. வெள்ளிக்கிழமை நான்தான் பேக்கப் எடுக்கிறேன், நான்தான் ஒப்பிடுறேன். கலர் எல்லாத்தையும் தூக்கிட்டேன். நாலாவது பெட்டியை முதல்ல படிக்கிறேன். முதல் வெள்ளிக்கிழமை அதுல இருபத்தேழாம் ரோபோலேர்ந்து ஒரு வரி வந்துச்சு. "குக்கோ. டெக்னீஷியன் மிரெலெஸ், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?" பக்கத்துல அன்னிக்குத் தேதி.

இப்ப இருபத்து மூணு வாரம் ஆச்சு. லைன்ல பக்கத்துல பக்கத்துலதான் நிக்கிறோம். ஸ்பேனர் கேட்டா கொடுக்கிறார், வேலையைப் பத்திக் கேட்டா பதில் சொல்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இருபத்தேழு கிட்டப் போய், அந்த வரில தேதியை மட்டும் மாத்திட்டுப் போறார். சாயங்காலம் என் தாள்ல அது ஒரு மாற்றமா வந்து நிக்குது. தேதிதான் மாறியிருக்கும்னு தெரியும். ஆனாலும் முதல் எழுத்துலேர்ந்து முழுசா படிக்கிறேன், டெக்னீஷியன்ங்கிற இடத்துல கொமாத்ரேன்னு இருக்கான்னு. போன வெள்ளிக்கிழமையும் தேதி மட்டும்தான் மாறியிருந்துச்சு.